தைத்த நிழலில் ஒரு வீடு

நெருப்பில் விழுந்தாலும் வேகாது, நீரில் விழுந்தாலும் நனையாது, மிதித்தாலும் வலிக்காது, துரத்தினாலும் பிடிபடாது. அது என்ன? அவசரம் வேண்டாம். யோசித்துச் சொல்லுங்கள்.

நிழல் என்று சொன்னவர்களுக்கு முழு மதிப்பெண். ஊதைக்கானல் என்ற மலையூரிலும் எல்லாப் பிள்ளைகளுக்கும் இந்த விடுகதை தெரியும். ஆனால் அதன் முதல் வரி எவ்வளவு உண்மை என்பது, ஒரு பங்குனி மாதத்தில் புல்மேட்டில் பற்றிய தீ, சோலையைத் தின்று, தைலமரத் தோப்பைத் தின்று, காற்றின் கையைப் பிடித்துக்கொண்டு ஊருக்குள் இறங்கி, ஓட்டு வீடு தகர வீடு மாடி வீடு என்று பேதம் பார்க்காமல் எல்லாவற்றையும் தின்று, கடைசியில் பேருந்து நிலையத்துச் சிமெண்டு பெஞ்சருகே பசி அடங்கிப் படுத்த பிறகுதான் அவர்களுக்குத் தெரிந்தது.

அரசுப் பேருந்துகள் முந்தைய நாளே வந்து ஆடு, கோழி, தையல் மிஷின் உட்பட ஏற்ற முடிந்த எல்லாவற்றையும் எல்லாரையும் அடிவாரத்துக்குக் கொண்டுபோயிருந்தன. அதனால் ஓர் உயிரும் போகவில்லை. புகை அடங்கியதும் ஊர்க்காரர்கள் திரும்பி வந்தார்கள். சூரியன் கிழக்கு முகட்டின் மேல் ஏறியது. வீடுகள் இல்லை. வீடுகளின் நிழல்கள் இருந்தன.

கரிந்த தரையின் மேல் ஒவ்வொரு வீட்டின் நிழலும் கூரை முகடு, ஜன்னல், வாசற்படி, புகைக்கூண்டு எதுவும் குறையாமல் விழுந்து கிடந்தது. டீக்கடைக்காரர் சூசைராஜ் தன் வீட்டு நிழலை மேலும் கீழும் பார்த்தார். கொடியில் ஒரு சட்டையின் நிழல் காற்றில் ஆடிக்கொண்டிருந்தது.

"சட்டையைக் காயப்போட்டுட்டு வந்துட்டேன்னு பஸ்ஸிலேயே நெனச்சேன்" என்றார்.

அன்று முதல் ஊதைக்கானல் மக்கள் இரவில் பேருந்து நிலையத்தருகே அரசு போட்டுக் கொடுத்த தகரக் கொட்டகைகளில் தூங்கினார்கள், பகலில் தங்கள் நிழல்களில் குடியிருந்தார்கள். எரிந்த மலையில் ஒதுங்க வேறு நிழல் இல்லாததால் அது வசதியாகவும் இருந்தது. காலையில் எல்லாரும் தங்கள் மனைக்கு மேற்கே குடியிருந்தார்கள், மாலையில் கிழக்கே குடியிருந்தார்கள், உச்சிப் பொழுதில் மட்டும் சொந்த மனையிலேயே இருந்தார்கள். செருப்பை நிழலின் ஓரத்தில் கழற்றிவிட்டு, வாசல் நிழல் வழியாகத்தான் உள்ளே போவார்கள். அவசரத்தில் சுவர் நிழலைத் தாண்டி உள்ளே வந்தவர்களுக்கு நல்ல திட்டு கிடைத்தது. கோழிகள் கூட்டின் நிழலில்தான் முட்டையிட்டன. தபால்காரர் கதவு நிழலருகே நின்று "போஸ்ட்!" என்று கத்தினார். மூடுபனி இறங்கிய நாட்களில் மட்டும் நிழல்கள் மறைந்துபோகும். அப்போது ஊரே இன்னொரு முறை வீடிழந்ததுபோல் கைகளைக் கட்டிக்கொண்டு நின்று, பனி விலகியதும் ஒன்றும் நடக்காததுபோல் விட்ட வேலையைத் தொடரும்.

இன்னொன்றும் தெரியவந்தது. தையல்காரர் அனிபா பாயின் நிழல் வீட்டில் ஒரு மூலை, விடியற்காலைப் பனியில் ஊறி, நனைந்த துணிபோலத் தரையிலிருந்து பெயர்ந்து படபடத்தது. அவர் அதைக் கத்தரித்து, ஓரம் மடித்துத் தைத்துவிட்டார். "கறுப்பு நூல் போட்டேன். வேற கலர் போட்டா அசிங்கமாத் தெரியும் பாருங்க" என்றார். எல்லாரும் வந்து பார்த்து, தையல் நேராக இருப்பதாகச் சொல்லிவிட்டுப் போனார்கள்.

பிறகு அரசின் ஆணை வந்தது. எரிந்த ஊரை அதே இடத்தில் அரசே கட்டித் தரும் என்றது ஆணை. பட்டாக்களும் எரிந்துவிட்டன, யாருக்கு எவ்வளவு வீடு இருந்தது என்பதற்கு நிழலைத் தவிர வேறு சாட்சி இல்லை. அதனால் எங்கே நிழல் உண்டோ அங்கே வீடு, நிழலின் அளவே வீட்டின் அளவு என்று மாவட்ட ஆட்சியர் முடிவு செய்தார். பாறைக்கும் வைக்கோல் போருக்கும்கூட நிழல் இருக்கிறதே என்று யாரோ கேட்டதால், வாசல் உள்ள நிழலே வீடு என்று ஒரு வரி சேர்த்தார்கள்.

அளக்க வந்தவர் உதவிப் பொறியாளர் மங்கையர்க்கரசி. குள்ளமான, வேகமாக நடக்கும் பெண். அவர் தொப்பியைக் கழற்றி யாரும் பார்த்ததில்லை. முதல் நாளே ஊரின் பெரிய வீட்டுக்காரி, பூண்டு வியாபாரம் செய்யும் ராஜாமணி, அவரை மறித்தாள்.

"மேடம், எங்க வீட்டைச் சாயங்காலம் வந்து அளங்க. அப்பத்தான் முழுசா இருக்கும்."

"சாயங்காலம் உங்க நிழல் பக்கத்து வீட்டுத் தோட்டத்து மேல விழுதே அம்மா."

"விழுந்தா அது எங்க நிழல்தானே?"

"சரி. காலையில அவங்க நிழல் உங்க கிணத்து மேல விழுது. கிணத்தை அவங்க பேருக்கு எழுதிடலாமா?"

ராஜாமணி கொஞ்சம் யோசித்து, "உச்சி வெயில்லயே அளங்க" என்றாள். அப்படியே ஊர் முழுவதும் உச்சி வெயிலில் அளக்கப்பட்டது. சங்கிலி போல நீண்ட அளவு நாடாவின் பின்னால் பிள்ளைகள் ஓடினார்கள். ஒவ்வொரு வீடும் அளந்து முடிந்ததும், "இனி இது வீடு" என்று பொறியாளர் சொல்வார், வீட்டுக்காரர்கள் கைதட்டுவார்கள்.

ஊரின் மேல் கோடியில், எரிந்த சரிவு தொடங்கும் இடத்தில், செவந்தியின் வீடு இருந்தது. செவந்தி நான்காம் வகுப்பு. அவளுடைய அப்பா சடையாண்டியும் அம்மா ஒச்சம்மாளும் கேரட் கழுவும் வேலைக்காகக் கீழ்நாட்டிலிருந்து வந்தவர்கள். பூப்பண்ணை கழித்துப்போட்ட பாலிதீன் ஷீட்டை ஒரு மூங்கில் கழியின் மேல் விரித்து அவர்கள் குடியிருந்தார்கள். ஷீட் வழியாக வெயில் தாராளமாக உள்ளே வரும். அதனால் அந்த வீடு இருந்தபோதே அதற்கு நிழல் இருந்ததில்லை. இப்போது அந்த இடத்தில் கழியின் நிழல் மட்டும் ஒரு கோடாக விழுந்து கிடந்தது.

பொறியாளர் குனிந்து பார்த்தார்.

"இது என்ன கண்ணு?"

"எங்க வீட்டு நடுக்கழி மேடம்."

"வீடு?"

"அது ஷீட்டு மேடம். வெளிச்சம் நல்லா உள்ள வரும். படிக்க லைட்டே வேணாம்."

பொறியாளர் தன் உதவியாளரிடம் திரும்பி, எங்காவது வாசல் தெரிகிறதா என்று நன்றாகப் பார்க்கச் சொன்னார். அவர் சுற்றிச் சுற்றி வந்தார். "கழிக்கு ஏது மேடம் வாசல்?" என்றார்.

நிழல் வீடு இல்லாதவர்கள், வீடு கட்டும் வேலை தொடங்கியதும் கொட்டகையைக் காலி செய்துவிட்டுச் சொந்த ஊருக்குப் பேருந்து ஏற வேண்டும் என்பது விதி. சடையாண்டிக்குச் சொந்த ஊரில் வற்றிய கண்மாயும் ஒரு கருவேலங்காடும்தான் மிச்சம். ஒச்சம்மாள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள்.

செவந்தி கழியின் நிழலருகே போய் நின்றாள். இரண்டு கைகளையும் தலைக்கு மேல் உயர்த்தி விரல் நுனிகளைச் சேர்த்தாள். தரையில் வளைவு வைத்த சின்ன வாசல் ஒன்று விழுந்தது.

"இந்தா வாசல் மேடம். அளங்க."

பொறியாளர் அந்த வாசலைப் பார்த்தார். "அது உன் நிழல்டா. நீ நகர்ந்தா அதுவும் போயிடும்."

"நான் நகரமாட்டேன்."

"வீடு கட்டி முடிக்க மாசக்கணக்கா ஆகும்."

"நிப்பேன்."

"நாளைக்கு மத்தியானத்தோட அளவு வேலை முடியுது கண்ணு. எனக்கு வேற வழி தெரியல" என்று சொல்லிவிட்டுப் பொறியாளர் போனார். வேகமாக நடக்கிறவர் அன்று மெதுவாக நடந்தார். செவந்தி நின்றாள். வெயில் சாய்ந்தது, அவளுடைய வாசல் நீண்டு நீண்டு ஊருக்குள் இறங்கியது. பேருந்து நிலையத்துக்குப் போகிறவர்கள் எல்லாரும் அதைத் தாண்டித்தான் போக வேண்டியிருந்தது. யாருக்கும் அதை மிதிக்க மனம் வரவில்லை. வாசல் வாசல்தான் என்பதால் சிலர் செருப்பைக் கழற்றிவிட்டு நடந்தார்கள்.

"கையை இறக்குடி, தோள்பட்டை கழண்டு விழுந்துடப் போகுது" என்று அதட்டினாள் ராஜாமணி. செவந்தி இறக்கவில்லை. சூரியன் இறங்கிய பிறகுதான் இறக்கினாள்.

அந்தி வெளிச்சத்தில் சூசைராஜின் டீக்கடை இருந்த இடத்தில் கூட்டம் கூடியது. அரசு கொடுத்த அடுப்பில் பால் பொங்கிக்கொண்டிருந்தது.

"கேரட் சீசனுக்கு வந்தவங்க அவங்க" என்றாள் ராஜாமணி. "சீசன் முடிஞ்சாப் போறவங்கதானே?"

"எத்தனையோ சீசன் முடிஞ்சுதே அக்கா, போனாங்களா? உங்க பூண்டு மூட்டையைத்தானே அந்தாளு தூக்கிட்டிருக்காரு" என்றார் சூசைராஜ்.

"நான் போகச் சொன்னேனா? நிழல் இல்லைங்கிறது நான் போட்ட சட்டமா?"

அனிபா பாய் டீயை ஆற்றிக்கொண்டே சொன்னார்: "நிழல் இல்லேன்னா தைச்சுக் குடுப்போம். ஆளுக்கு ஒரு துண்டு வெட்டித் தந்தாப் போதும். ஆனா ஒண்ணு. குடுக்கிறவங்க வீட்டு அளவு அவ்வளவு குறையும். மேடம் நாளைக்கு எல்லாத்தையும் இன்னொரு தடவை சரிபார்த்துட்டுத்தான் போவாங்க."

எல்லாரும் டீயைக் குடித்தார்கள். ராஜாமணி டம்ளரைக் கவிழ்த்து வைத்துவிட்டு எழுந்து போனாள்.

விடியற்காலையில், முதல் வெயில் விழுந்தும் பனி காயாத நேரத்தில், கழியின் நிழல் கிடந்த இடத்துக்கு மக்கள் வரத் தொடங்கினார்கள். ஒவ்வொருவர் தோளிலும் மடித்த நிழல் ஒன்று இருந்தது. அனிபா பாய் மிஷினை இறக்கி வைத்து, முதல் மடிப்பைப் பிரித்தார். கதவு. இரண்டாவதைப் பிரித்தார். அதுவும் கதவு. மாதா கோயில்காரர்கள் கோயிலின் பக்கவாட்டுக் கதவைக் கொண்டுவந்திருந்தார்கள், மேலே கூர் வளைவுடன். அனிபா பாயின் மனைவி தங்கள் வீட்டுப் பூவேலை செய்த கதவைக் கொண்டுவந்திருந்தாள். சூசைராஜ் மலையைப் பார்த்திருந்த தன் கொல்லைக் கதவை வெட்டி வந்திருந்தார். "தீ வந்த பக்கம். இனி நான் அந்தக் கதவைத் திறக்கவே மாட்டேன், எனக்கு எதுக்கு?" என்றார். வாசல்தான் இல்லை என்ற பேச்சு எல்லார் காதிலும் விழுந்திருந்ததால், ஊர் முழுவதும் வாசலையே கொண்டுவந்துவிட்டது. பெரிய கதவு, ஒற்றைக் கதவு, கோழிக்கூட்டுக் கதவுகூட வந்தது. ஒரு சுவரும் வரவில்லை.

"கதவாவே கட்டினா இது வீடா, பஸ் ஸ்டாண்டா?" என்று அனிபா பாய் தலையில் கைவைத்துக்கொண்டார்.

"நீ கதவைத் திருப்பி எடுத்துட்டுப் போயி சுவரைக் கொண்டா" என்றார் கூட்டத்தில் ஒருவர்.

"ஏன், நீ போறது? என் கதவு தேக்கு நிழலு" என்றார் இன்னொருவர்.

சண்டை நன்றாகச் சூடு பிடித்தபோது சரிவின் கீழிருந்து ராஜாமணி ஏறி வந்தாள். தலையில் சும்மாடு, சும்மாட்டின் மேல் பாய்போலச் சுருட்டிய பெரிய நிழல். பின்னால் அவளுடைய மருமகளும் இன்னொரு சுருட்டுடன் வந்தாள். ராஜாமணி சுருட்டைத் தொப்பென்று இறக்கினாள்.

"சுவரு இல்லாம வாசலை எங்கடா மாட்டுவீங்க, கூறுகெட்டவனுங்களா? இந்தாங்க, நாலு பக்கச் சுவரு. மருமக கையில இருக்கிறது பூண்டுப் பரண். பரண் இல்லாத வீட்டில விதைப்பூண்டை எங்க வைக்கிறது?"

அது அவளுடைய வீட்டின் பின்கட்டு முழுவதும். அனிபா பாய் ஊசியில் நூலைக் கோத்தார். மற்றவர்கள் கதவுகளைத் தூக்கிக்கொண்டு ஓடிப்போய், ஒருவர் கூரையில் ஒரு துண்டும், ஒருவர் ஜன்னலும், ஒருவர் புகைக்கூண்டும், பள்ளிவாசல்காரர்கள் மூன்று படிகளுமாக வெட்டி வந்தார்கள். மாதா கோயில்காரர்களும் அனிபா பாயின் மனைவியும் சூசைராஜும் மட்டும் தங்கள் கதவுகளைத் திரும்ப வாங்க மறுத்துவிட்டார்கள். ஒன்று கடைத்தெருப் பக்கம், ஒன்று பேருந்துச் சாலைப் பக்கம், ஒன்று மலைப் பக்கம் என்று மூன்றும் மாட்டப்பட்டன. பனி காய்வதற்குள் கடைசித் தையலும் விழுந்தது. சடையாண்டி வீட்டின் நான்கு மூலைகளிலும் கல் வைத்தார், காற்றில் பறக்காமலிருக்க.

உச்சிப் பொழுதில் பொறியாளர் வந்து நின்றார்.

"இது நேத்து இல்லையே."

"நேத்து மூடுபனி மேடம்" என்றார் சூசைராஜ்.

"நேத்து நல்ல வெயில்."

"எங்களுக்கு மூடுபனி மேடம்."

பொறியாளர் மண்டியிட்டார். தையலை விரலால் தடவிக்கொண்டே சுவரோரமாக முழுவதும் நகர்ந்தார். கூர் வளைவையும் பூவேலையையும் பரணையும் பார்த்தார். பிறகு ஊரைத் திரும்பிப் பார்த்தார். ஒவ்வொரு வீட்டின் நிழலிலும் ஒரு மூலையில் வெயில் விழுந்துகொண்டிருந்தது. அவர் எழுந்து, எல்லாருக்கும் கேட்கும்படி ஸ்பீக்கரில் போட்டு, மாவட்ட ஆட்சியருக்கே போன் செய்தார்.

"சார், மேல் கோடியில ஒரு நிழல் இருக்கு. ஆனா உள்ளதைச் சொல்லிடணும். இது விழுந்த நிழல் இல்ல, தைச்ச நிழல். ஊரே வெட்டிக் குடுத்திருக்கு."

ஒச்சம்மாள் செவந்தியின் தோளை அழுத்திப் பிடித்தாள்.

"வாசல் இருக்கா?" என்றது போன்.

"மூணு இருக்கு சார்."

"அப்புறம் என்ன கேள்வி? அளங்க."

அன்று ஊதைக்கானலில் எழுந்த சத்தத்தைக் கேட்டு, தீக்குப் பயந்து பள்ளத்தாக்குக்குப் போயிருந்த காட்டுக்கோழிகள் பதில் கூவியதாகச் சொல்கிறார்கள். செவந்தி நாடாவின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டாள். "இனி இது வீடு" என்று பொறியாளர் சொன்னபோது, அவருடைய தொப்பி ஆகாயத்தில் இருந்தது. அவரேதான் எறிந்தார்.

பிறகு லாரிகள் வந்தன. செங்கல் வந்தது, சிமெண்டு வந்தது, கம்பி வந்தது, ஓடு வந்தது, கொத்தனார்களும் சித்தாள்களும் வந்தார்கள். ஊர்க்காரர்களும் மண் சுமந்து தண்ணீர் சுமந்து கூட நின்றார்கள். நிழலின் கோட்டுக்கு மேலே அஸ்திவாரமும், அஸ்திவாரத்துக்கு மேலே சுவரும், சுவருக்கு மேலே கூரையும், ஒவ்வொன்றும் தன் நிழலைத் தேடி வளர்வதுபோல் வளர்ந்தன. கூரை முடிந்த அன்று நிழல் தானாக எழுந்து வந்து வீட்டின் காலைப் பிடித்துக்கொண்டது. மழைக்காலம் வருவதற்குள் ஊர் எழுந்து நின்றுவிட்டது. ஒவ்வொரு வீட்டிலும் எங்கோ ஒரு துண்டு குறைந்தது. சூசைராஜின் டீக்கடையில் கூரை ஒரு முழம் குட்டையானதால், பெஞ்சின் கடைசியில் உட்கார்ந்தவர் நனைந்தார். அங்கே யார் உட்காருவது என்று தினமும் போட்டி நடந்தது. ராஜாமணி பின்கட்டு இல்லாத தன் வீட்டை வெளியூர்க்காரர்களுக்குக் காட்டி, "மீதி அதோ மேல நிக்குது" என்பாள். செவந்தி வீட்டுப் பரண் வெறுமையாக இருக்கக் கூடாது என்று வீட்டுக்கு ஒரு கட்டு விதைப்பூண்டு கொண்டுவந்து தொங்கவிட்டார்கள்.

சாவி கொடுக்கும் நாளில் பொறியாளர் கதவிலக்கப் பலகைகளோடு வந்தார். கடைசியாகச் செவந்தியின் வீட்டுக்கு வந்தார்.

"மூணு கதவு இருக்கு. பலகை ஒண்ணுதான். எதுங்க தலைவாசல்?" என்று சடையாண்டியைக் கேட்டார்.

சடையாண்டி மனைவியைப் பார்த்தார். "வெயில்ல நின்னது அவ. அவளே சொல்லட்டும்" என்றாள் ஒச்சம்மாள்.

"கடைத்தெருப் பக்கம் வை பாப்பா, பள்ளிக்கூடம் கிட்ட" என்றார்கள் மாதா கோயில்காரர்கள்.

"பஸ் ரோட்டுப் பக்கம் வை. பூக்கதவு, வர்றவங்க பார்த்து மயங்கணும்" என்றாள் அனிபா பாயின் மனைவி.

செவந்தி, "எந்தக் கதவைத் திறந்தா மலை முழுசாத் தெரியும்?" என்று கேட்டாள்.

சூசைராஜ் தொண்டையைக் கனைத்தார். "என்னோடதுதான். ஆனா அது வேணாம்மா. இந்த ஊர்ல யாரும் அந்தப் பக்கம் ஜன்னலைக்கூடத் திறக்கிறதில்லை. மறுபடி தீ வந்தா அங்கிருந்துதான் வரும்."

செவந்தி மூன்று கதவுகளையும் ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தாள். பிறகு, "தீ வந்தா முதல்ல பார்க்க ஒரு கதவாவது வேணும்ல" என்று மலைப் பக்கத்துக் கதவைக் காட்டினாள். பலகையை அங்கே அடித்தார்கள்.